மிரர்லெஸ்ஸுக்கு மாறினால் தோள்பை உண்மையிலேயே லேசாகுமா?

நெல்லை_நாரை

அனைவருக்கும் வணக்கம். இங்கே வாசிப்பதோடு நிறுத்திக்கொள்கிறவன் நான். இப்போது காசு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் கேட்கிறேன்.

என்னிடம் இருப்பது நிக்கான் டி750 (உள்ளே கண்ணாடி எழும்பி இறங்கும் டிஎஸ்எல்ஆர் கேமரா), லென்ஸில் 200-500 எஃப்5.6, 24-120 எஃப்4, ஒரு 50 எஃப்1.8 (முதல் எண் குவியதூரம், மி.மீ.யில்; எஃப் எண் குறைந்தால் உள்ளே வரும் வெளிச்சம் கூடும்). வாத்தியார் வேலை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கூந்தன்குளம், இல்லாவிட்டால் நயினார்குளம், விஜயநாராயணம் குளம் என்று கிளம்பிவிடுவேன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வலது தோளில் விடாத வலி. டாக்டரிடம் போனால், பையை ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு, "இதைக் குறைக்காமல் மாத்திரை எழுதி என்ன பிரயோஜனம்?" என்கிறார்.

கேமரா கடையில் விசாரித்தேன். "மிரர்லெஸ்ஸுக்கு மாறுங்க சார், பாதி வெயிட் போயிடும்" என்கிறார்கள். மிரர்லெஸ் என்றால் அந்தக் கண்ணாடி இல்லாத கேமராவாம். அதில் நிக்கான் இசட்6-2 பாடியும் (லென்ஸ் இல்லாத கேமரா) எஃப்டிஇசட் அடாப்டரும் வாங்கினால் இருக்கிற லென்ஸையே மாட்டிக்கொள்ளலாமாம். டி750ஐ எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வார்களாம். பாதி எடை என்பது நிஜமா? மாறியவர்கள் சொல்லுங்கள்.

குவியதூரம்

சார், கடைக்காரர் சொன்ன கணக்கையே முதலில் போட்டுப் பார்ப்போம்.

பேட்டரி, கார்டு போட்ட டி750 840 கிராம். அதே மாதிரி போட்ட இசட்6-2 705 கிராம். இதுவரை 135 கிராம் லாபம். ஆனால் உங்கள் லென்ஸ்களை மாட்ட அடாப்டர் வேண்டும். எஃப்டிஇசட் இரண்டாவது மாடல் 125 கிராம். 705ம் 125ம் 830. ஆக மொத்தம் உங்கள் தோள் காணப்போகும் லாபம் 10 கிராம். லென்ஸ் மூடியை வீட்டில் மறந்துவிட்டுப் போனாலே அதைவிட அதிகம் குறையும்.

"சரி, லென்ஸையும் சேர்த்து மாற்றுகிறேன்" என்றால்? 200-500 காலரோடு (முக்காலியில் பொருத்தும் வளையம்) 2300 கிராம். அதற்குப் பதில் வரும் இசட் 180-600 காலரோடு 2140. பழைய 24-120 710 கிராம், இசட் 24-120 630. பழைய 50 எஃப்1.8 வெறும் 185 கிராம். இசட் 50 எஃப்1.8 எஸ் 415 கிராம். ஆமாம், இரண்டு மடங்குக்கும் மேல்.

பழையது மொத்தம் 4035. புதியது 3890. பல லட்சம் போட்டு மொத்தப் பையையும் மாற்றினால் 145 கிராம் குறையும். அதில் ஒரு பேட்டரியைக் கூடுதலாக வைத்தீர்கள் என்றால் பாதிக்கு மேல் போச்சு.

ஆல்ஃபா_ரசிகன்

மேலே இருக்கும் கணக்கு வேண்டுமென்றே மோசமான உதாரணங்களைப் பொறுக்கி எடுத்தது. 50 எஃப்1.8 எஸ் எடுப்பானேன், இசட் 40 எஃப்2 எடுத்தால் 170 கிராம்தானே? நிக்கானை விட்டுத்தள்ளுங்கள். என் சோனி 70-200 ஜிஎம்-2 1045 கிராம். கேனன் இஎஃப் 70-200 எஃப்2.8 மூன்றாவது மாடல் 1480. சோனியின் மிரர்லெஸ் ஏ7-4 பாடி 658 கிராம், கேனனின் டிஎஸ்எல்ஆர் 5டி மார்க் 4 890. பாடியும் லென்ஸும் சேர்த்து 667 கிராம் வித்தியாசம். இதை அரைக் கிலோ அரிசி மாதிரி நினைத்துப் பாருங்கள், கழுத்தில் தெரியாமலா போகும்? கண்ணாடியைத் தூக்கினார்கள், எடை குறைந்தது. இதில் என்ன விவாதம்?

குவியதூரம்

> கண்ணாடியைத் தூக்கினார்கள், எடை குறைந்தது.

40 எஃப்2 நியாயமான பேச்சு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 70-200 விஷயத்தில் இல்லை, தம்பி. 2016ல் வந்த சோனியின் முதல் 70-200 ஜிஎம் எவ்வளவு தெரியுமா? 1480 கிராம். கேனன் டிஎஸ்எல்ஆர் லென்ஸின் எடையேதான். அதுவும் மிரர்லெஸ் லென்ஸ், அதே மவுன்ட் (லென்ஸ் கேமராவில் பொருந்தும் வளையம்). 2021ல் ஜிஎம்-2 வந்தபோது 435 கிராம் குறைந்தது. இடையில் கண்ணாடி எதையும் யாரும் தூக்கவில்லை, தூக்குவதற்கு அங்கே கண்ணாடியே இல்லை. குறைத்தது புது மோட்டாரும் லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடிகளின் புது வடிவமைப்பும். 24-70 ஜிஎம் கதையும் அதேதான்: முதல் மாடல் 886, இரண்டாவது 695.

நிக்கானைப் பாருங்கள். டிஎஸ்எல்ஆருக்கான கடைசி 70-200 எஃப்2.8 (எஃப்எல்) 1430 கிராம். இசட் மவுன்ட்டுக்கு முதலில் வந்தது காலரோடு 1440. பத்து கிராம் *கூடுதல்*.

கேனனின் மிரர்லெஸ் மவுன்ட்டான ஆர்எஃப்பில் 70-200 எஃப்2.8 முதல் மாடல் 1070 கிராம், உண்மைதான். அது எப்படி முடிந்தது? பழையது ஜூம் செய்தாலும் நீளம் மாறாது. புதியது சாதாரண ஜூம் லென்ஸ் மாதிரி முன்னால் நீளும். சுருக்கி வைத்தால் 199 மி.மீ. இருந்த இடத்தில் 146 மி.மீ. ஆனால் அதில் எக்ஸ்டெண்டர் (குவியதூரத்தைக் கூட்டும் இணைப்பு) மாட்ட முடியாது. எடையைக் குறைக்க எதையோ விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். நல்ல பேரம்தான், ஆனால் பேரம்.

கண்ணாடி போனதால் நேரடியாக லாபம் கிடைக்கும் இடம் ஒன்று உண்டு: அகலமான காட்சியை அடக்கும் வைடு லென்ஸ். நிக்கான் எஃப் மவுன்ட்டில் சென்சாருக்கும் மவுன்ட்டுக்கும் நடுவே 46.5 மி.மீ. தூரம், கண்ணாடி எழும்பி இறங்க அந்த இடம் வேண்டும். இசட் மவுன்ட்டில் 16 மி.மீ.தான். கேனனில் 44, அது 20 ஆனது. 14 மி.மீ. லென்ஸை 46 மி.மீ. தள்ளி வைத்துவிட்டு ஒளியைப் பின்னால் தள்ள வேண்டுமென்றால் லென்ஸுக்குள் கூடுதலாகக் கனமான கண்ணாடிகள் வேண்டும். இப்போது அந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் ஒரு கிலோ இருந்த 14-24 எஃப்2.8, இசட்டில் 650 கிராமுக்கு வந்தது.

டெலியில், அதாவது தூரத்தில் இருப்பதை அருகில் காட்டும் லென்ஸில், இது எதுவும் செல்லாது. 600 எஃப்4 என்றால் 600ஐ 4ஆல் வகுக்க 150 மி.மீ. அந்த அகலத்துக்கு முன் கண்ணாடி இருந்தே ஆக வேண்டும். பின்னால் மாட்டியிருப்பது என்ன கேமரா என்று அந்தக் கண்ணாடிக்குத் தெரியாது. கேனன் இஎஃப் 400 எஃப்2.8 மூன்றாவது மாடல் 2840 கிராம். ஆர்எஃப் 400 எஃப்2.8 2890. ஐம்பது கிராம் கூடியிருக்கிறது. நெல்லை சார் தூக்குவது டெலி.

பழைய_ரோல்

எல்லாரும் கம்பெனி தாளைப் பார்த்து எடை சொல்கிறீர்கள். சார், பையைக் கட்டிலில் கொட்டுங்கள். ஒவ்வொன்றாகத் தராசில் வையுங்கள். அப்புறம் பேசலாம்.

முகூர்த்த_கிளிக்

மதுரையிலிருந்து. கல்யாண வேலை. நான் மாறியவன், அதனால் என் பையைச் சொல்கிறேன்.

முன்பு: 5டி மார்க் 4 இரண்டு, 24-70 எஃப்2.8 இரண்டாவது மாடல், 70-200 எஃப்2.8 மூன்றாவது மாடல், 85 எஃப்1.2 இரண்டாவது மாடல். இப்போது: கேனன் மிரர்லெஸ் ஆர்6 மார்க் 2 இரண்டு, அதே மூன்று லென்ஸும் ஆர்எஃப்பில்.

பாடி இரண்டுக்குமாக 1780 இருந்தது 1340 ஆனது. 70-200ல் 410 கிராம் குறைந்தது. அதுவரை சந்தோஷம். 24-70 805லிருந்து 900 ஆனது, உள்ளே கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசர் வந்துவிட்டதாம். 85 எஃப்1.2 1025லிருந்து 1195 ஆனது. மொத்தத்தில் 5090 இருந்தது 4505. 585 கிராம் குறைவு. நல்லதுதானே என்பீர்கள்.

இப்போது பேட்டரிக்கு வருகிறேன். 5டி காலத்தில் பாடிக்கு ஒன்று போக இரண்டு கூடுதல், அதிலும் ஒன்று தொடாமலே வீட்டுக்குத் திரும்பும். இப்போது வியூஃபைண்டரே ஒரு சின்ன டிவி. கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை எப்போது சிரிப்பார் என்று காத்திருக்கிற நேரமெல்லாம் பேட்டரி கரையும். ஆறு கூடுதல் பேட்டரி வைத்திருக்கிறேன். ஒன்று சுமார் 80 கிராம். நாலு கூடியதில் 320 கிராம் திரும்ப வந்துவிட்டது. மிச்சம் 265.

ஃபிளாஷ், ட்ரிகர், ஃபிளாஷுக்கான பேட்டரி, விளக்குக் கம்பம், குடை, இதில் எதுவும் மிரர்லெஸ் ஆகவில்லை. மண்டபத்து மாடிப்படியில் இதையெல்லாம் தூக்கிப்போகும் அசிஸ்டென்ட் தம்பியிடம் போய் "இப்போது பை லேசாகிவிட்டது" என்று சொல்லிப் பாருங்கள்.

ஆனால் மாறியதில் வருத்தமில்லை. தாலி கட்டும்போது எல்லா முகத்திலும் கண்ணில் ஃபோகஸ் நிற்கிறது. சத்தமில்லாத ஷட்டரும் உண்டு, மண்டபத்தில் எல்இடி லைட் மோசமாக இருந்தால் படத்தில் கோடு கோடாக விழும், அதைப் பார்த்து நடந்துகொள்ள வேண்டும். இவை எதுவும் கிலோ கணக்கில் வராது.

ஆல்ஃபா_ரசிகன்

அண்ணே, எஃப்1.2 லென்ஸ் வாங்கிவிட்டு எடை குறையவில்லை என்றால் யார் தப்பு? 85 எஃப்2 போதுமே. அதிலே 500 கிராம்தான்.

முகூர்த்த_கிளிக்

தம்பி, போதும்தான். ஆனால் கல்யாண வீட்டுக்காரர்கள் ஆல்பத்தில் பின்னணி கரைந்து நிற்க வேண்டும் என்று கேட்கிறார்கள். பக்கத்து ஸ்டூடியோக்காரர் எஃப்1.2 வைத்திருக்கிறார். தொழிலில் இது எடைப் பிரச்சினை இல்லை, பிழைப்புப் பிரச்சினை. பொழுதுபோக்குக்கு எடுக்கிறவர்கள் தாராளமாக எஃப்2க்கு இறங்கலாம். நான் இறங்கினால் என் பையோடு சேர்த்து வருமானமும் லேசாகிவிடும்.

மலையேறி_மல்லி

கோவை. மலை நடைக்காரி. முகூர்த்த அண்ணன் பையை நினைத்தாலே முட்டி வலிக்கிறது.

நான் நிக்கான் டி7200, 16-80, ஏஎஃப்-பி 70-300 வைத்திருந்தேன். 765, 480, 680. மொத்தம் 1925. இப்போது ஃபியூஜி எக்ஸ்-எஸ்20, எக்ஸ்எஃப் 16-80, எக்ஸ்எஃப் 70-300. 491, 440, 580. மொத்தம் 1511. 414 கிராம் குறைந்திருக்கிறது, சென்சார் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். பரவாயில்லை, ஆனால் ஆகா என்று சொல்கிற மாதிரி இல்லை.

எனக்கு எடை குறைந்தது வேறு வழியில். முன்பு கொழுக்குமலைக்குப் போனாலும் சரி, வால்பாறையில் ஓடைப் படம் எடுக்கப் போனாலும் சரி, முக்காலி இல்லாமல் கிளம்ப மாட்டேன். அலுமினிய முக்காலி, தலையோடு சேர்த்து இரண்டரைக் கிலோ. புது பாடியில் சென்சாரே ஆடி நடுக்கத்தைச் சரிசெய்கிறது. பாறையில் முழங்கையை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அரை வினாடி திறந்து வைத்தால் தண்ணீர் பட்டு மாதிரி வருகிறது, பாறை கூர்மையாக நிற்கிறது. எல்லாப் படமும் தேறாது. நாலைந்து எடுத்தால் ஒன்று கட்டாயம் தேறும். அதனால் நட்சத்திரம் எடுக்கும் நாள் தவிர முக்காலி வீட்டில்தான். கேமராவில் குறைந்தது அரைக் கிலோகூட இல்லை, முக்காலியில் குறைந்தது இரண்டரை.

நல்ல டிஎஸ்எல்ஆர்களில் நிக்கானும் கேனனும் இந்த வசதியைத் தரவே இல்லை, பென்டாக்ஸ், ஒலிம்பஸ், சோனி மாதிரி சிலர்தான் தந்தார்கள். ஆகவே இதை மிரர்லெஸ் கணக்கில் எழுதலாமா கூடாதா என்று குவியதூரம் தீர்ப்பு சொல்லட்டும் :-)

குவியதூரம்

எழுதலாம் மல்லி. பாதி மார்க்.

வன்னி_வளவன்

வணக்கம். நான் வவுனியா. மன்னார்ப் பக்கம் வங்காலையில் பூநாரை எடுக்கப் போறனான். ஐயாவைப் போலவே பறவைதான் எனக்கும், அதனால எழுதுகிறேன்.

நான் முன்பு பாவித்தது கேனன் 7டி மார்க் 2, சிக்மா 150-600 கன்டெம்பரரி. கமரா 910, லென்ஸ் 1930, இரண்டும் 2840 கிராம். இப்ப பாவிக்கிறது கேனன் மிரர்லெஸ் ஆர்7 உம் ஆர்எஃப் 100-400 எஃப்5.6-8 உம். 612, 635. மொத்தம் 1247. ஒன்றரைக் கிலோவுக்கு மேல குறைஞ்சிட்டுது. சைக்கிள் ஹாண்டிலில் பையைக் கொழுவிக்கொண்டு போகக்கூடியதாக இருக்கு. ஆகவே "லேசாகாது" என்று சொல்றவையோடு எனக்கு உடன்பாடில்லை.

குவியதூரம்

வளவன், உங்கள் கணக்கு சரி, ஆனால் அது முழுக் கணக்கு இல்லை. 600 இருந்த இடத்தில் 400. எஃப்6.3 இருந்த இடத்தில் எஃப்8. அந்த 100-400ஐ 7டியிலேயே மாட்ட முடிந்திருந்தால் அங்கேயும் 1300 கிராம் குறைந்திருக்கும். சின்ன லென்ஸ் வாங்கினீர்கள், எடை குறைந்தது. மிரர்லெஸ் அங்கே பக்கத்தில் நின்றது.

வன்னி_வளவன்

> அந்த 100-400ஐ 7டியிலேயே மாட்ட முடிந்திருந்தால்

மாட்ட முடிஞ்சிருந்தாலும் அது ஒழுங்காக வேலை செய்திராது அண்ணா. அதுதான் விஷயம். 7டி மார்க் 2 எஃப்8 இல் நடுவில இருக்கிற ஒரேயொரு புள்ளியிலதான் ஃபோகஸ் பிடிக்கும். பறக்கிற பறவையை ஒற்றைப் புள்ளியில வைத்துக்கொண்டு திரிய ஏலுமே? டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்க்கிறது கமராவின் அடியில இருக்கிற தனிச் சென்சார். அதுக்கு வெளிச்சம் அகலமாக வரவேணும். எஃப்5.6 வரைக்கும் சந்தோஷமாக இருக்கும், எஃப்8 இல் தடுமாறும், எஃப்11 இல் கைவிட்டிடும். மிரர்லெஸ்ஸில படம் பிடிக்கிற சென்சாரே ஃபோகஸும் பார்க்குது. எஃப்8 என்றாலும் பறவையின்ர கண்ணைத் தேடிப் பிடிக்குது.

டிஎஸ்எல்ஆரில் எஃப்11 லென்ஸைப் போட்டால் வியூஃபைண்டர் இருட்டிப் போகும், ஒன்றும் தெரியாது. இதில கமராவே வெளிச்சமாக்கிக் காட்டுது. கேனன் 600 எஃப்11 ஐ 930 கிராமில செய்தது, 800 எஃப்11 ஐ 1260 இல் செய்தது. டிஎஸ்எல்ஆர் காலத்தில அப்படி ஒரு லென்ஸை ஆர் செய்திருப்பினம், ஆர் வாங்கியிருப்பினம்?

600 எனக்குக் குறைஞ்சது உண்மைதான். ஆனால் 7டி 20 மெகாபிக்சல், ஆர்7 32.5. படத்தை வெட்டிப் பார்த்தால் 400 இல் எடுத்தது பழைய கமராவில 500 இல் எடுத்த அளவுக்கு வருது. காணும் எனக்கு.

விடிய முன்னமும் பொழுதுபடுகிற நேரமும் கஷ்டம். ஐஎஸ்ஓ (சென்சாரின்ர வெளிச்ச உணர்திறன்) ஏறும், மணல் தூவின மாதிரி வரும். வில்பத்துவில பின்னேரம் ஆறு மணிக்குச் சிறுத்தை வந்தால் என்ர 100-400 அழும். அதை மறைக்க மாட்டன்.

குவியதூரம்

இதுதான் இந்த இழையில் இதுவரை வந்த நல்ல வாதம். வாபஸ் வாங்குகிறேன் என்று சொல்லமாட்டேன், ஆனால் சொல்வதைத் திருத்திக்கொள்கிறேன்: மிரர்லெஸ் லென்ஸின் எடையைக் குறைப்பதில்லை; மங்கலான, லேசான லென்ஸை வைத்துக்கொண்டு காலம் தள்ளும் துணிச்சலைத் தருகிறது. அந்த லென்ஸை வாங்குகிறவருக்குப் பை லேசாகும். பழைய அளவிலேயே புது லென்ஸ் தேடுகிறவருக்கு ஆகாது.

ஆல்ஃபா_ரசிகன்

அதையே நான் முதலில் சொன்னேன், கேட்டால்தானே!

பழைய_ரோல்

நீங்கள் சொன்னது அதுவல்ல தம்பி. மேலே போய்ப் படியுங்கள்.

நெல்லை சார், தராசு என்னாயிற்று?

நெல்லை_நாரை

மன்னிக்கவும், பள்ளியில் தேர்வு வேலை. நேற்று சாயங்காலம் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்தேன். கடைக்காரர் வெல்லம் நிறுப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

கேமராவும் மூன்று லென்ஸும், குவியதூரம் சொன்ன மாதிரியே, நாலு கிலோவும் கொஞ்சமும். பை காலியாக 1900 கிராம். இதை நான் எதிர்பார்க்கவில்லை. உள்ளே அத்தனை ஸ்பாஞ்ச். ஃபிளாஷ் நாலு பென்சில் செல்லோடு 460. ஸ்பேர் செல் எட்டு, 216. ஃபில்டர் டப்பா 300. எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் நிரப்பி 1350. பறவைப் புத்தகம் 700. பைனாக்குலர் 700. குடை 400. மழை உறை 150.

கூட்டினால் பத்து கிலோ 211 கிராம். கேமராக்காரன் பையில் கேமரா நாலு கிலோ, மிச்சம் ஆறு கிலோ என்று கடைக்காரர்தான் சொன்னார், நான் சொல்லவில்லை.

பழைய_ரோல்

பறவைக்கு ஃபிளாஷ் போடுவீர்களா?

நெல்லை_நாரை

இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று.

பழைய_ரோல்

ஃபிளாஷ், செல், ஃபில்டர் டப்பா, 976 கிராம். கடைக்காரர் விற்க நினைத்த இசட்6-2 பாடியைவிட அதிகம். புத்தகம் போனில் இருக்கிறது. எவர்சில்வர் பாட்டிலைப் பிளாஸ்டிக் ஆக்குங்கள். தோளில் தொங்கும் பையை விட்டுவிட்டு இடுப்பு பெல்ட் இருக்கிற முதுகுப்பை வாங்குங்கள். எடை இடுப்பில் இறங்கினால் தோள் தப்பிக்கும். நான் பத்திரிகையில் இருந்த காலத்தில் இரண்டு பாடியை ஒரே தோளில் தொங்கவிட்டே வேலை பார்த்தோம். அன்று என்னோடு ஓடியவர்களில் பாதிப் பேருக்கு ஒரு தோள் இன்னொன்றைவிடத் தாழ்ந்திருக்கும்.

மலையேறி_மல்லி

பெல்ட்டுக்கு என் ஓட்டு. ஆனால் சார், பெல்ட்டை இடுப்பெலும்புக்கு மேல் இறுக்கிக் கட்டிவிட்டு, அப்புறம் தோள்பட்டையைத் தளர்த்த வேண்டும். நிறைய பேர் பெல்ட்டைச் சும்மா தொங்கவிட்டுக்கொண்டு நடக்கிறார்கள்.

200-500ஐ கேமரா ஸ்ட்ராப்பில் தொங்கவிடாதீர்கள். லென்ஸ் காலரில் மாட்டும் குறுக்கு ஸ்ட்ராப் வாங்குங்கள். கழுத்தில் இருக்கும் எடையும் முதுகில் இருக்கும் எடையும் ஒன்றல்ல.

குவியதூரம்

சார், இனி லென்ஸ். உங்கள் வலிக்கு நான் பார்க்கும் வழியில் மிரர்லெஸ்ஸே வேண்டாம். 2018ல் நிக்கான் 500 எஃப்5.6 பிஎஃப் என்று ஒரு லென்ஸ் விட்டது. உங்கள் டி750ல் அப்படியே மாட்டலாம், அடாப்டர் இல்லை. எடை 1460 கிராம். உங்கள் 200-500ம் 500ல் எஃப்5.6தான், ஆகவே வெளிச்சத்தில் நஷ்டமில்லை. ஒரே லென்ஸ் மாற்றத்தில் 840 கிராம் குறையும். முன்பக்கத்தில் வழக்கமான கண்ணாடிக்குப் பதில் வட்ட வட்டமாக நுண்ணிய வரிகள் உள்ள ஒரு கண்ணாடியை வைத்து, எடையையும் நீளத்தையும் குறைத்திருக்கிறார்கள். எதிரே நேரடியாக விளக்கு இருந்தால் அதைச் சுற்றி வளையம் விழலாம். பறவைக்கு அது பெரிய தொல்லை இல்லை. விலைதான் வயிற்றைக் கலக்கும். பழையது கிடைத்தால் பாருங்கள்.

இப்படி ஒரு லேசான லென்ஸ் வந்தது டிஎஸ்எல்ஆருக்கு என்பதைக் கவனியுங்கள். அதே உத்தியைத்தான் இப்போது இசட் 600 எஃப்6.3 பிஎஃப்பிலும் வைத்திருக்கிறார்கள், காலரோடு 1470.

நெல்லை_நாரை

யோசனை அருமை. ஆனால் கூந்தன்குளம் வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே பறவையைத் தேடிப் போக வேண்டாம். மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ளேயே, வீட்டு முற்றத்து மரத்திலேயே கூடு கட்டியிருக்கும். தலைக்கு மேலே குஞ்சு கத்தும். 500 பிஎஃப் மாட்டினால் நாரையின் மூக்கு மட்டும்தான் வரும். எனக்கு 200ம் வேண்டியிருக்கிறது. குளத்தில் பட்டைத்தலை வாத்து வந்தால் 500ம் போதவில்லை.

குவியதூரம்

அப்படியானால் இன்னும் மலிவாக முடிந்தது. மல்லி வைத்திருந்தாரே, அதே லென்ஸ்தான், உங்கள் டி750 மாதிரி பெரிய சென்சார் உள்ள முழு ஃப்ரேம் கேமராவுக்கும் ஆகும்: ஏஎஃப்-பி 70-300 எஃப்4.5-5.6இ. 680 கிராம். டி750க்கு ஃபர்ம்வேரைப் புதுப்பித்துவிட்டு மாட்டுங்கள். கேமராவோடு சேர்த்து 1520 கிராம். ஊருக்குள் நடக்கிற நாளில் இது மட்டும். வாத்து வந்திருக்கிறது என்று தகவல் வந்த நாளில் மட்டும் 200-500ஐ எடுங்கள், அன்றைக்கு 24-120 வீட்டில் இருக்கட்டும். எல்லா லென்ஸும் எல்லா நாளும் வர வேண்டும் என்று யார் சொன்னது?

ஆல்ஃபா_ரசிகன்

எல்லாம் சரி, ஆனால் எதிர்காலத்தையும் பார்க்க வேண்டாமா? நிக்கானின் கடைசி டிஎஸ்எல்ஆர் டி6, 2020 பிப்ரவரி அறிவிப்பு; கேனனின் கடைசி பெரிய பாடி 1டி எக்ஸ் மார்க் 3, 2020 ஜனவரி அறிவிப்பு. அதற்குப் பிறகு புது லென்ஸும் இல்லை. டி750 விலை வருடா வருடம் இறங்குகிறது. இப்போது விற்காவிட்டால் பிறகு பேரிச்சம்பழத்துக்குத்தான்.

முகூர்த்த_கிளிக்

அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது விலைப் பேச்சு, எடைப் பேச்சு இல்லை. பறவைக்காக மாறுவதென்றால் இசட்6-2 வேண்டாம் சார், பறவையைத் தனியாக அடையாளம் காணும் இசட்8 அல்லது இசட்6-3 பக்கம் போங்கள். இசட்8 பேட்டரியோடு 910 கிராம். உங்கள் டி750ஐ விட 70 கிராம் கூட!

வன்னி_வளவன்

ஐயா ஒருக்கா வாடகைக்கு எடுத்துப் பாருங்கோ. ஆர்7 உம் 100-400 உம் ஒரு சனி ஞாயிறு கையில வைத்துப் பார்த்தால் தோளே முடிவு சொல்லும். கேனன் லென்ஸ் எல்லாம் எதிர்ப்பக்கம் சுத்தும், நிக்கான் ஆளுக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும், பழகிவிடும்.

நெல்லை_நாரை

எல்லாருக்கும் நன்றி. இப்போதைக்கு முடிவு இது. கேமரா மாற்றவில்லை. ஃபிளாஷும் ஃபில்டர் டப்பாவும் அலமாரிக்குப் போயாயிற்று. இடுப்பு பெல்ட் பை ஒன்று வாங்கிவிட்டேன். ஏஎஃப்-பி 70-300 பழையது நாகர்கோவிலில் ஒருவரிடம் இருக்கிறது, சனிக்கிழமை போய்ப் பார்க்கிறேன். 200-500ஐ விற்பதா வைப்பதா என்று கோடை முடிந்து பார்க்கலாம். வளவன் தம்பி சொன்ன 100-400 மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது, அதையும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பேன்.

குவியதூரம்

70-300ல் ஏஎஃப்-பி என்று போட்டு இரண்டு இருக்கிறது சார். டிஎக்ஸ் என்று எழுதியிருந்தால் அது சின்ன சென்சாருக்கானது, டி750ல் படத்தின் நடுப்பகுதி மட்டும்தான் கிடைக்கும். எஃப்4.5-5.6இ என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

முகூர்த்த_கிளிக்

டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்றும் பாருங்கள். நாகர்கோவில் மழை ஊர்.